மருமகனுக்கு, காக்கிச் சட்டை குறித்து

அன்பு மருமகனுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. கல்லூரிக் காலத்தில் கஞ்சா புகைத்தாய் என்ற ஒன்றுக்காக மட்டும் உனக்குக் காவல்துறை வேலை இல்லாமல் போய்விடாது. உன் பேரில் வழக்கு இருந்தால் போகலாம். படிவத்தில் பொய் எழுதினால் பெரும்பாலும் போய்விடும். இந்த மூன்றையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பி, விண்ணப்பமே போடாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறாய். அந்த யோசனை வேண்டாம்.

வழக்கைப் பற்றி முதலில் சொல்கிறேன். எழுத்துத் தேர்வில் வென்று, 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி, கயிறு ஏறி, தேர்வுப் பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் உன் முன்வரலாற்றை விசாரிக்க ஆள் வரும். அந்த இடத்தில் முடிவு செய்வது, காவல் சார்நிலைப் பணிக்கான சிறப்பு விதிகளில் உள்ள 14(பி). சந்தேகத்தின் பலனால் விடுதலையானவனையும் அந்த விதி குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கொள்கிறது. விசாரிக்க வரும்போது வழக்கு நடந்துகொண்டிருந்தால், பின்னால் களங்கமில்லாமல் விடுதலையானாலும் அந்த முறை வேலை கிடையாது. அடுத்த தேர்வில் மறுபடியும் எழுதி, ஓடி, வென்று வர வேண்டும். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாததை ஒரு இளைஞன் காலம் முழுக்கச் சுமக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் இன்றைய நிலை இதுதான். இதை மனத்தில் வைத்துத்தான் நீ நடக்க வேண்டும்.

உன் கூட்டாளி பொட்டலத்தோடு பிடிபட்டபோது, "அபராதத்தைக் கட்டிட்டு வந்துரு, விஷயம் முடிஞ்சிரும்" என்று யாரோ சொல்ல, அவனும் கட்டிவிட்டு வந்தான் என்று எழுதியிருந்தாய். நம் ஊரில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கப் பையன்களுக்குப் பெரியவர்கள் சொல்கிற யோசனை இது. இதைவிடக் கெடுதலான யோசனை வேறு இல்லை. 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 27-வது பிரிவு, கஞ்சா உட்கொண்டதற்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை. சிறைக்குப் போகவில்லை என்பதால் அது தண்டனை இல்லை என்று ஆகிவிடாது. இனி எந்த வேலைக்கான படிவத்திலும், தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு அவன் 'இல்லை' என்று எழுத முடியாது. அவனிடம் இதைச் சொல். தீர்ப்பு நகலோடு பாளையங்கோட்டையில் ஒரு நல்ல வக்கீலைப் பார்க்கச் சொல். ஆயிரம் ரூபாய் வக்கீல் செலவை மிச்சப்படுத்தப் போய்ப் பிள்ளைகள் வருங்காலத்தையே கொடுத்துவிட்டு வருகிறார்கள். எனக்கு இதில் ஆறவே மாட்டேன் என்கிறது.

உனக்கு வழக்கு இல்லை. அல்லாஹ்வுக்கு நன்றி சொல். அதே நேரத்தில், பழைய கூட்டத்தோடு டீ குடிக்க மட்டும் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றோடு நிறுத்து. நீ தொடாமலே இருக்கலாம். ஆனால் பைக்கில் முன்னால் உட்கார்ந்திருப்பவன் பையில் பொட்டலம் இருந்தால், பின்னால் இருக்கிற உன் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏறலாம். கூட்டுச்சதிக்கு என்றே அந்தச் சட்டத்தில் 29-வது பிரிவு இருக்கிறது. விற்பவன் மாட்டினால் அவன் செல்போனில் இருக்கிற எண்களையும் ஜிபே கணக்கையும் பார்ப்பார்கள். நண்பனுக்காக ஐநூறு ரூபாய் அனுப்பினேன் என்று நீ சொல்வதை அன்றைக்கு யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள்.

பதினெட்டு வயதுக்குள் ஏற்பட்ட வழக்குகளின் கதை வேறு. 2015-ம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம், சில கொடுங்குற்றங்கள் தவிர, அந்த வழக்கால் வரும் தகுதிக்குறைவு பின்தொடரக் கூடாது என்கிறது. நம் தெருவில் அப்படிப் பயந்துகொண்டிருக்கும் பையன் யாராவது இருந்தால் சொல்லிவை.

அடுத்தது பொய். டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் வேலைக்கு 1999-ல் விண்ணப்பித்த ஓர் இளைஞர், தன் மேல் இருந்த அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் எழுதவில்லை. வழக்கு அதற்கு முன்பே சமரசமாகி விடுதலையும் ஆகியிருந்தது. பின்னால் சரிபார்ப்புப் படிவத்தில் அவராகவே சொன்னார். வேலை மறுக்கப்பட்டது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இளவயதில் பிள்ளைகள் தவறுவது இயல்பு, காலமெல்லாம் குற்றவாளி என்று முத்திரை குத்தக் கூடாது என்று சொல்லி, பிரெஞ்சு நாவல் ஒன்றில் ரொட்டி திருடிய ஜான் வால்ஜானைக்கூட அந்தத் தீர்ப்பு நினைவுகூர்ந்தது. இதைப் படித்துவிட்டு நீ நிம்மதியாக மறைத்துவிடாதே. 2013-ல் அதே நீதிமன்றம், காவல்துறைக்கு வருபவனின் நடத்தையில் சந்தேகமே இருக்கக் கூடாது என்று வேறொரு வழக்கில் கண்டிப்பாகச் சொன்னது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். சின்னக் குற்றம், சின்ன வயது என்றால் மறைத்ததைக்கூட மன்னிக்க அதிகாரிக்கு இடமுண்டு. உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக, உண்மை உனக்கு வேலையைக் கட்டாயம் வாங்கித் தராது. பொய் மட்டும் எத்தனை வருடம் கழித்தும், சட்டை போட்ட பிறகும், உன்னை வெளியே தள்ளலாம்.

பொய் விஷயத்தில் வெளிநாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2021-ல் தன் விதியைத் தளர்த்தியது. கஞ்சாவை விட்டு மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும் என்றிருந்ததை ஒரு வருடமாகக் குறைத்தது. ஆனால் புகைத்ததை மறைத்துப் பொய் சொல்பவனுக்கு அங்கேயும் இடம் கிடையாது. கேட்காததை நீயாகப் போய் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால், கேட்ட கேள்விக்கு நேரான பதில். அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது சட்டம். சட்டம் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். நீ நிஜமாகவே அதிலிருந்து வெளியே வந்துவிட்டாயா? ஒரு வருடமாகத் தொடவில்லை என்கிறாய், நம்புகிறேன். தூக்கம் வராத இரவுகளில் நினைப்பு வருகிறது என்றும் எழுதியிருக்கிறாய். காவலர் வேலையில் தூங்காத இரவுகள்தான் அதிகம். பறிமுதல் செய்த கஞ்சா மூட்டைக்கு நீயே காவல் நிற்க வேண்டியிருக்கும். சீருடை போட்டதும் அந்த நினைப்பு தானாகப் போய்விடாது. பஞ்சாபில் 2016-ல் காவலர் தேர்வுக்கு வந்தவர்களுக்குப் போதைப் பரிசோதனை வைத்தார்கள், சிலர் அதில் தோற்றார்கள். அசாமில் 2023-ல், குடிக்கு அடிமையான முந்நூறு காவலர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுப்பதாக முதலமைச்சரே அறிவித்தார். யாரையும் இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. உள்ளே போன பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரிடம் மறைக்காமல் பேசு. சிகிச்சைக்குப் போனால் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறாய். சட்டம் அதற்கு நேர்மாறாக நிற்கிறது. வழக்குப் போடப்பட்ட அடிமைகூட, சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றம் என்றால், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சையை முழுக்க முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14446-க்கு அழைத்துப் பேசு. காசு கிடையாது.

நீ இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்குக் காரணம் சம்பளம் இல்லை. பாளையங்கால்வாய்க் கரையில் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பையனையும், அவனுக்கு அதை விற்றவனையும் ஒரே கண்ணால் பார்க்கும் காவலர்கள் இருக்கிறார்கள். பையன் மேல் வழக்கு விழுகிறது, விற்றவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறான். உனக்கு அந்தப் பையனைத் தெரியும். அவன் எதற்காக அங்கே உட்கார்ந்தான், எந்த வார்த்தைக்கு எழுந்திருப்பான் என்று தெரியும். நம் மேலப்பாளையத்துப் பிள்ளை ஒருவன் அதை அறிந்தவனாகக் காக்கி போட்டு நின்றால், எத்தனையோ வீடுகள் பிழைக்கும். விற்பவனிடம் இரக்கம் காட்டாதே. அந்த இரக்கம் முழுவதும் பையனுக்கு வேண்டும்.

அவசரமும் இல்லை. நமக்கு வயது வரம்பு 28, உனக்கு இப்போது 22. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு மூன்றரை சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் ஓடு. புகைத்த நெஞ்சு முதலில் மூச்சு வாங்கும், சில மாதத்தில் பழகிவிடும்.

கடைசியாக ஒன்று. உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறாய். பீடி சுற்றி உன்னைப் படிக்க வைத்தவள் அவள். என் தங்கையை எனக்குத் தெரியும், அழுவாள், அதட்டுவாள், உன்னை விடமாட்டாள். நாளைக்கு விசாரணைக்கு வரும் ஏட்டையா தெருவில் நாலு பேரிடம் கேட்டு, அதில் யாரோ ஒருவர் வாயால் அவளுக்கு இது தெரிய வரக் கூடாது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் நீயே சொல்லிவிடு. கூட நான் வர வேண்டும் என்றால் ஒரு போன் போடு, வருகிறேன்.

துஆவுடன்,
உன் மாமா