மூன்றே வரி... உங்கள் குழந்தையும் எழுதலாம்!

"அம்மா, கவிதை எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு ஒண்ணும் வரலை!"

மூன்றாவது, நான்காவது படிக்கும் குழந்தை இப்படி வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? நீங்களே நாலு வரி எழுதிக் கொடுத்துவிடுவீர்கள், இல்லையா? அடுத்த முறை வேண்டாம். ஹைக்கூ சொல்லிக் கொடுத்துப் பாருங்கள்.

ஹைக்கூ ஜப்பான் நாட்டுக் குட்டிக் கவிதை. 17-ஆம் நூற்றாண்டில் இதற்கு உயர்வு தந்தவர் பாஷோ (1644-1694). ஷிகி (1867-1902) என்ற கவிஞர்தான் 'ஹைக்கூ' என்ற பெயரை நிலைக்கச் செய்தவர். முதுகெலும்புக் காசநோயால் வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் அவர். படுத்த இடத்திலிருந்து தெரிந்த சின்னத் தோட்டமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. தமிழில் 1916-லேயே பாரதியார் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார்.

5-7-5 கட்டாயமா?

ஜப்பானில் மூன்று பகுதிக்கும் சேர்த்து 17 ஒலிகள். அவர்கள் எண்ணுவது ஏறக்குறைய நம் மாத்திரை போன்ற ஓர் அளவு. 'டோக்கியோ' என்பதே அவர்கள் கணக்கில் நான்கு! அதைத் தமிழ் எழுத்தில் எண்ணினால் குழந்தை விரல் மடக்குவதிலேயே களைத்துப்போகும். மூன்று வரி, வரிக்கு இரண்டு மூன்று வார்த்தை. அது போதும்.

எப்படிச் சொல்லித் தருவது?

1. முதலில் பார்க்கட்டும். பேனா வேண்டாம். மொட்டை மாடியிலோ வாசற்படியிலோ பத்து நிமிடம் கூடவே உட்காருங்கள். என்ன தெரியுது? என்ன சத்தம்? என்ன வாசனை? இவ்வளவுதான் கேள்வி.

2. காலத்தைத் தொடட்டும். ஜப்பானியக் கவிஞர்கள் பருவத்தைக் காட்டும் ஒரு சொல்லை வைப்பார்கள். நம்மிடம் இல்லாததா? வேப்பம்பூ, ஐப்பசி மழை, மார்கழிப் பனி, மாம்பழ வாசனை!

3. இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைக்கட்டும். நடுவே சின்ன இடைவெளி. ஒன்றையொன்று விளக்க வேண்டாம், படிப்பவர் சேர்த்துக்கொள்வார்.

4. 'அழகு', 'மகிழ்ச்சி', 'போல' மூன்றையும் அடிக்கட்டும். அப்போதுதான் பார்த்தது வெளியே வரும்.

ஓர் உதாரணம். குழந்தை முதலில் இப்படி எழுதலாம்:

மழை பெய்தது.
மிகவும் அழகாக இருந்தது.
எனக்கு மகிழ்ச்சி.

தப்பு என்று சொல்லாதீர்கள். "மழை விட்டப்புறம் என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். "கொடிக்கம்பியில சொட்டுச் சொட்டா தண்ணி நின்னுச்சு. காக்கா வந்து உக்காந்ததும் எல்லாம் விழுந்துடுச்சு" என்று பதில் வரும். அதையே எழுதச் சொல்லுங்கள்:

மழை விட்டது.
கொடியில் காகம் அமர,
மறுபடி தூறல்.

மகிழ்ச்சி என்ற வார்த்தையே இல்லை. ஆனால் படிக்கிற நமக்கு வருகிறது, பார்த்தீர்களா?

பெற்றோர் கவனத்துக்கு...

எழுத்துப் பிழையைக் கடைசியில் திருத்துங்கள். அண்ணன், அக்கா எழுதியதோடு ஒப்பிடாதீர்கள். போட்டிப் பரிசுக்காக உங்கள் வரியை நடுவில் நுழைக்காதீர்கள். பரிசு வந்தாலும், 'என்னால முடியாது, அம்மாதான் எழுதணும்' என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும்.

இன்னொன்று. சில சமயம் குழந்தை, தாத்தா இல்லாத சாய்வு நாற்காலியைப் பற்றி எழுதும். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாத சாப்பாட்டு நேரத்தை எழுதும். "ஏன் சோகமா எழுதறே? பூவைப் பத்தி எழுது" என்று சொல்லிவிடாதீர்கள். வாயால் சொல்லத் தெரியாததைத்தான் அது மூன்று வரியில் உங்களிடம் நீட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் படியுங்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். மீதியைக் குழந்தையே சொல்லும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒன்று எழுதினாலும், வருடக் கடைசியில் ஐம்பது கவிதை. தேதியும் போடச் சொல்லுங்கள். பிற்பாடு எடுத்துப் பார்க்க, எந்த ஆல்பத்திலும் இல்லாத படங்கள் அதில் இருக்கும்.