விடியற்காலை இருமல், வெறும் சளிதானா?

கேள்வி: என் 9 வயது மகனுக்கு மார்கழி, தை வந்தால் விடியற்காலையில் இருமலும் இளைப்பும். நெஞ்சில் விசில் மாதிரி சத்தம். பகலில் ஓடியாடுகிறான். இது ஆஸ்துமாவா? இன்ஹேலர் கொடுத்தால் அதுவே பழகிவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, நாகூர்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஆஸ்துமாவைத்தான் நினைக்க வைக்கின்றன, சகோதரி. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சேர்வதால் காற்றுப் பாதை குறுகுகிறது. விட்டு விட்டு வருவதும், இரவிலும் விடியலிலும் கூடுவதும் இதன் குணம். பகலில் நன்றாக இருப்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது.

அறுவடைக் காலத்து வைக்கோல் தூசி, பனிக்காற்று, சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, தலையணைத் தூசி எல்லாமே இளைப்பைத் தூண்டக்கூடியவை. எதற்குப் பிறகு வருகிறது என்று தேதியோடு குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வயதில் குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் செய்யலாம்.

இன்ஹேலர் யாரையும் அடிமையாக்காது. மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்திக் கொடுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இளைப்பு அடங்கியதும் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

பேச முடியாமல் திணறினாலோ, மூச்சிழுக்கும்போது விலாப்பகுதி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.