ஒழுகுவது ஓடுதானா?

கேள்வி: ஐயா, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தாத்தா காலத்து வீடு. ஓட்டுக் கூரை. மழை பெய்தால் முகட்டிலிருந்து தண்ணீர் இறங்கிச் சுவரோரமாக வழிகிறது. போன வருடம் முகடு முழுக்கச் சிமெண்ட் பூசினோம். சில மாதங்கள்கூட நிற்கவில்லை. “ஓடெல்லாம் பழசு, கழற்றிப் போட்டுவிட்டு ஜிங்க் அடித்துவிடலாம்” என்கிறார் காண்ட்ராக்டர். அப்பாவுக்கு மனசே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: அப்பா சொல்வதைக் கேளுங்கள், அம்மா. நன்றாகச் சுட்ட களிமண் ஓடு நூறு வருடம் தாங்கும். அதற்குக் கீழே இருக்கும் ரீப்பரும் ஆணியும்தான் முதலில் போகும். ஆணி துருப்பிடித்து, ரீப்பர் இற்றுவிட்டால் ஓடு சரியும். சரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். பழி மட்டும் ஓட்டின் மேல் விழுகிறது.

உங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகம் அந்தச் சிமெண்ட் மீதுதான். வெயிலிலும் மழையிலும் கூரை மரம் சற்றே அசைந்துகொண்டிருக்கும். சிமெண்ட் அதற்கு வளைந்து கொடுக்காது, மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கி, முகட்டு மரத்தை உளுக்கச் செய்யும். மேலே இன்னொரு பூச்சுப் பூசினால் இன்னொரு வெடிப்புதான். சுண்ணாம்புச் சாந்து அப்படியல்ல. அசைவைத் தாங்கும், ஈரத்தை வெளியே விடும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. பழைய சிமெண்ட்டை உளியால் மெல்லத் தட்டி எடுத்துவிட்டு, முகட்டோடுகளை இந்தச் சாந்தில் பதிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு இறுக நாள் பிடிக்கும். அதுவரை மழையும் கடும் வெயிலும் படாமல் ஈரச்சாக்கு போட்டு மூட வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஜூன், ஜூலை நல்லது.

அடுத்தது ஓடு. கூரையேறுபவரிடம் ஒன்றைக் கழற்றிப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயரோ முத்திரையோ அச்சாகியிருக்கும். தேனீ இருந்தால் அது பிரான்சின் மார்சேய் நகரத்து ஓடு. 1865இல் பாசல் மிஷன் தொடங்கிய மங்களூர்த் தொழிற்சாலையின் பெயரும் இருக்கலாம். இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இந்த ஓடுகளில், ஒரு தொழிற்சாலையின் ஓடு இன்னொன்றின் பள்ளத்தில் சரியாக உட்காராது. நிறம் ஒத்துப்போகிறதே என்று வாங்கிச் செருகினால் அந்த இடுக்கிலேயே ஒழுகும். கடைவீடுகளில் இருக்கும் வி வடிவச் சிற்றோடு வேறு வகை. அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் போடுவார்கள்.

கழற்றிய ஒவ்வோர் ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம், மந்தமாக ஒலித்தால் விரிசல். குறைகிற ஓடுகளைப் பழைய வீடுகளை இடிப்பவர்களிடம் தேடுங்கள், அதே முத்திரை கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் நல்ல பழைய ஓடுகளைத் தெருப்பக்கச் சரிவுக்கு நகர்த்தி, புதியவற்றைப் பின்பக்கச் சரிவில் தனியாகப் போடுங்கள். ரீப்பருக்குச் செங்கால் மரம், ஆணிக்குச் செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு. ஓட்டின் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். ஓடு குடித்த ஈரம் உலர முடியாமல் போகும்.

ஜிங்க் மலிவுதான். ஆனால் பகல் முழுக்க அனல், மழையில் காதைக் கிழிக்கும் சத்தம். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் அத்தாப்பு ஓலைக் கூரைகளை விலக்கிச் செங்கல்லும் ஓடுமாக ஊரைக் கட்டச் சொன்னார். அதற்குச் செங்கல் சுட்ட இடம் உங்கள் வட்டாரம். அங்கேயே ரயில்வே ஊழியர்களின் நூறு குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிபட்டதைப் பார்த்தோம். மிஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகள் கொஞ்சம்தான்.

வேலைக்கு முன் மாநகராட்சியான டிபிகேஎல்லில் அனுமதி விசாரியுங்கள். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுச் சட்டத்தின் கீழ் வீடு பதிவாகியிருந்தால் தேசிய மரபுத் துறையான ஜாபாத்தான் வாரிசான் நெகாராவின் ஒப்புதலும் தேவை. எது எப்படியானாலும், கழற்றிய ஓடுகளை லாரியில் ஏற்ற மட்டும் விட்டுவிடாதீர்கள்.