மணி பேசாத நாட்கள்

காரைக்கால்,
தபசு காலம், 2026

அன்புள்ள பேத்திக்கு,



நேற்று பிரான்சிலிருந்து போனில் உன் பிள்ளை எனக்கு ஒரு கதை சொன்னான். கோயில் மணிகளெல்லாம் பெரிய வியாழனன்று ரோமாபுரிக்குப் பறந்துபோகுமாம். பாஸ்கு காலையில் திரும்பி வரும்போது தோட்டத்தில் சாக்லேட் முட்டைகளைப் போட்டுவிட்டுப் போகுமாம். எழுபது வருஷத்துக்கு முன்னால் கன்னியர் பள்ளியில் எனக்கும் இதே கதையைச் சொன்னார்கள். எங்கள் தெருவில் முட்டை மட்டும் விழவில்லை.

மணி போனது என்னவோ நிஜம். வியாழன் பூசையில் வானவர் கீதத்தோடு கடைசியாக அடிக்கும். பிறகு சனி இரவு அதே கீதம் வரும்வரை தேற்றரவு மாதா கோயில் கோபுரம் ஊமை. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி. வீட்டில் அம்மா உரலில் இடிக்க விடமாட்டாள். வெள்ளிக்கிழமை ஒருவேளைக் கஞ்சி; சம்பா அறுத்த வயலில் விளைந்த புதுப் பயறு போட்டது, தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். சாயங்காலம் சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நிற்போம்.

அம்மா சிறுமியாக இருந்தபோது பாஸ்கு பூசை சனிக்கிழமை காலையிலேயே முடிந்துவிடுமாம். வெயிலில் மெழுகுதிரி ஏற்றி யாருக்குத் தெரியும்? பன்னிரண்டாம் பத்திநாதர் அதை இரவுக்கு மாற்றினார். 1956 முதல் எல்லா ஊரிலும் இரவுதான். அந்த வருஷம் எனக்கு எட்டு வயது. இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

வாசலில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றிக்கொண்டு சாமியார் இருட்டுக்குள் நடந்தார். அந்தச் சுடரிலிருந்து எங்கள் திரிகளையும் கொளுத்திக்கொண்டோம். லத்தீன் வாசகங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு வார்த்தை புரியவில்லை. அம்மா மடியில் தூங்கிவிட்டேன். எழுப்பச் சொல்லியிருந்தேன், அவள் எழுப்பவில்லை, மணிதான் எழுப்பியது. ஊமையாய்க் கிடந்ததெல்லாம் ஒன்றாக அடித்தது. ஊதாத் துணிகள் விழுந்தன, வெளியே வெடி. நான் பயந்து ஓவென்று அழுதேன்.

மறுநாள் இடியாப்பமும் ஆட்டுக்கறியும் தின்றிருப்பேன், பக்கத்து மரைக்காயர் வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோயிருப்பேன். அந்த ருசியெல்லாம் எங்கே போயிற்றோ. பாஸ்கு என்றால் எனக்கு அந்த அழுகைதான்.

உங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கு லீவு இல்லை, பாஸ்குத் திங்களுக்கு உண்டு. துக்கத்தன்று வேலை, விருந்துக்கு மறுநாள் ஓய்வு! நாடே அப்படி இருக்கையில் உன்னை நான் என்ன சொல்ல? இங்கேயும் பெருமைப்பட ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் பாதிப்பேர் டிவி முன்னால்தான்.

குருத்து ஞாயிறுக்குத் தென்னங்குருத்து கிடைப்பதில்லை என்று வருத்தப்பட்டாயே. உங்கள் கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற 'புய்' செடிக் கிளையை வாங்கி மாதா படத்துக்குப் பின்னால் செருகு. எந்தக் கிளையானாலும் அடுத்த விபூதிப் புதனுக்குச் சாம்பல்தான்.

சாக்லேட்டை நிறுத்தாதே, குழந்தை பாவம். ஆனால் கடையில் வந்துவிட்டதே என்று இப்போதே வாங்கி அவன் கையில் கொடுத்துவிடாதே. வியாழன் சாயங்காலத்திலிருந்து வீட்டில் சத்தத்தைக் குறை. டிவி அணைந்தே கிடக்கட்டும். ஏன் என்று கேட்பான். மணி ரோமாபுரிக்குப் போயிருக்கிறது என்று அவன் கதையையே சொல். சனி இரவு அவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போ. ஐந்து வயதுப் பிள்ளை தூங்கிவிடுவான். தூங்கட்டும், நீ எழுப்பாதே.

இந்த வருஷம் பாஸ்கு ஏப்ரல் 5. வியாழன் பூசைக்குப் பிறகு எனக்குப் போன் செய்யவேண்டாம், எடுக்கமாட்டேன். ஞாயிறு காலை கூப்பிடு. அதற்குள் நீங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியிருப்பீர்கள். மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம்.

அன்புடன்,
பாட்டி