விளையாட்டும் சுற்றுலாவும் ஒரே பட்டத்தில் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். பள்ளி வாலிபால் அணியில் ஆடியவள். கொடைக்கானல் போகும் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, சுற்றுலாத் துறையிலும் அவளுக்கு ஆசை. விளையாட்டு, பொழுதுபோக்கு, சுற்றுலா மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறாள். ‘ஆடுறதுக்கும் ஊர் சுத்துறதுக்கும் காலேஜ் எதுக்கு?’ என்று அவளுடைய பெரியப்பா கேட்கிறார். இப்படி ஒரு படிப்பு உண்டா? வேலைக்கு உதவுமா?
– வாசகி, வத்தலக்குண்டு

பதில்: பெரியப்பாவுக்கான பதில் வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறும் சாலையிலேயே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டு கோடையில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், வண்டிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000. இந்த மலைகள் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போனது.

குடிநீர், குப்பை, சாலையின் அகலம், வண்டி நிறுத்த இடம், விடுதி அறைகள், சீசன் முடியும்வரை நெரிசலில் திண்டாடும் உள்ளூர்க்காரர்கள் என எல்லாவற்றையும் வைத்து ஓர் ஊரின் தாங்குதிறனைக் கணிப்பது சுற்றுலாப் படிப்பின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அதைக் கற்றவர்கள் மாவட்ட அளவில் போதுமான பேர் இருந்திருந்தால், இந்தக் கணக்கு நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றையும் ஒரே கூரையின்கீழ் கற்றுத்தரும் இடங்கள் உலகில் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா மூன்றுக்கும் சேர்த்து ஒரே துறை. வேலை நேரம் போக மிஞ்சும் பொழுதை மனிதர்கள் எப்படிக் கழிக்கிறார்கள், அதற்கான பூங்காவையும் மைதானத்தையும் பயணத்தையும் யார், எப்படி நடத்துவது என்பதுதான் அங்கே படிப்பின் மையம். நம்மிடம் இவை தனித்தனியாகப் பிரிந்து கிடக்கின்றன. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியோடு சேர்ந்துவிட்டது. சுற்றுலா, கல்லூரிக்குக் கல்லூரி வணிகவியலோடோ மேலாண்மையோடோ வரலாற்றோடோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொழுதுபோக்குக்கு என்று பெரும்பாலும் துறையே கிடையாது. ஆகவே மாணவிதான் இரண்டு படிகளில் இவற்றைக் கோத்துக்கொள்ள வேண்டும்.

அப்படிக் கோப்பதில் அர்த்தம் உண்டா? மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டை எடுத்துக்கொள்ளலாம். ரஷ்யாவில் நடக்கவேண்டிய போட்டி அது. உக்ரைன் போரால் இடம் மாறி, 2022 மார்ச்சில் சென்னைக்கு வந்தது. ஜூலை 28 அன்று தொடங்கியாக வேண்டும். கையில் இருந்தவை நான்கே மாதங்கள். வரப்போவதோ 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள். விசா, விமான நிலைய வரவேற்பு, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் தங்கும் அறைகள், ஆட்ட அரங்குக்கும் விடுதிகளுக்கும் இடையே நேரம் தவறாத பேருந்துகள், நாட்டுக்கு நாடு வேறுபடும் உணவு, மருத்துவக் குழு, தன்னார்வலர்களுக்குப் பயிற்சி. ஆட்டம் 64 கட்டங்களுக்குள் நடந்தது. மற்ற அனைத்தும் விளையாட்டும் சுற்றுலாவும் தெரிந்தவர்கள் செய்யவேண்டிய வேலை. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நான்கு ஊர்களில் நடந்தபோதும் இதே தேவை எழுந்தது.

இனி, எங்கே படிப்பது? சுற்றுலாவிலிருந்து தொடங்குவதானால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் 1983-இல் நிறுவப்பட்ட இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனத்தைப் பார்க்கலாம். தலைமையிடம் குவாலியர், நமக்குப் பக்கத்து வளாகம் நெல்லூர். பி.பி.ஏ., எம்.பி.ஏ. இரண்டும் உண்டு. கொடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை சுற்றுலா மேலாண்மையையும் சேர்த்துக் கற்பிக்கிறது. விளையாட்டுப் பக்கம் வந்தால், 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இருக்கிறது. விளையாட்டு மேலாண்மை, விளையாட்டு உளவியல், உடற்பயிற்சி உடலியங்கியல் போன்ற பிரிவுகளும் அங்கே உண்டு.

வாலிபால் ஆடும் பெண் என்பதால் நேரே உடற்கல்விப் பட்டத்தில் சேர்த்துவிட வேண்டாம். அந்தப் பட்டம் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் பணியை நோக்கியது. போட்டிகளை நடத்துவது, அரங்குகளை நிர்வகிப்பது போன்ற வேலையில் ஆசை என்றால் இளநிலையில் சுற்றுலா, முதுநிலையில் விளையாட்டு மேலாண்மை என்ற வரிசை பொருத்தமாக இருக்கும். சேர்க்கைத் தகுதியை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

சம்பளத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாக வேண்டும். டிராவல்ஸ் அலுவலகங்களிலும் நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனங்களிலும் தொடக்கச் சம்பளம் சிறியது. ஊரே விடுமுறை கொண்டாடும் பொங்கலுக்கும் கோடைக்கும் இவர்களுக்கு விடுமுறை இராது. மேலே ஏறுவதற்குக் கைகொடுப்பவை ஆங்கிலமும் இன்னொரு மொழியும், படிக்கும்போதே பெற்ற களப் பயிற்சியும்தான். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கே, எத்தனை வாரம் களப் பயிற்சி செய்தார்கள் என்று அந்த மாணவர்களிடமே கேளுங்கள். விடுமுறையில் மகள் கொடைக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் ஒரு சீசன் வேலை பார்த்தால், இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்பது சேரும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: நான் ஹாக்கி ஆடுகிறேன். பி.பி.எட். முடித்தால் பயிற்சியாளர் ஆகிவிடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: இரண்டும் வேறு வேறு பாதைகள். பி.பி.எட். என்பது ஒரு பட்டம் பெற்றபின் படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு. அது உருவாக்குவது உடற்கல்வி ஆசிரியரை. பல விளையாட்டுகளை, எல்லா வகைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பவரை. இந்தப் பயிற்சிக்குச் சென்னையில் நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவரே.

ஒரே விளையாட்டில் ஆழமாக இறங்கி வீரர்களைத் தயார்செய்பவர் பயிற்சியாளர். அதற்கு நாடு முழுவதும் மதிப்புள்ள தகுதி, 1961-இல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ. அதில் சேர, ஆடிய அளவுக்கான சான்றிதழ்கள் முக்கியம். ஆகவே மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றையும் இப்போதிருந்தே பத்திரப்படுத்துங்கள். ஆசிரியர் வேலைதான் விருப்பம் என்றால், கட்டணம் கட்டும் முன் அந்தக் கல்லூரியின் பி.பி.எட். படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அது இல்லாத பட்டத்தோடு அரசுப் பள்ளிப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது.