360360: பெரிய எண்ணொன்றை ஆராய முழுமையான வழிகாட்டி

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கடிதம் போட்டால் உறையில் கொழும்பு 13 என்று எழுதுவோம். வெள்ளவத்தைக்கு 6, கோட்டைக்கு 1, முகத்துவாரத்துக்கு 15. கொழும்பின் இந்த 15 தபால் எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 360360. அதை வைத்தே ஆராயப் பழகுவோம். தாளும் பேனாவும் போதும். கல்குலேட்டரை ஒதுக்கி வையுங்கள்.

படி 1: எண்ணைக் கட்டுங்கள்

நமக்கு வேண்டியது 1 முதல் 15 வரையான எண்களின் பொது மடங்குகளுட் சிறியது. பதினைந்தையும் பெருக்க வேண்டாம். ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் (தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள்) 15ஐத் தாண்டாத மிகப் பெரிய வலுவை எடுங்கள்: 8, 9, 5, 7, 11, 13. முதல் மூன்றின் பெருக்கம் 360. மற்ற மூன்றினது 1001. மூன்றிலக்க எண் எதையும் 1001ஆல் பெருக்கினால் அதுவே இருமுறை அடுத்தடுத்து வரும்.

வெள்ளவத்தையின் 6ஐ நீக்கிப் பாருங்கள், எதுவும் மாறாது. அதிலுள்ள 2உம் 3உம் வேறு எண்களிலும் இருக்கின்றன. கொச்சிக்கடையின் 13ஐ நீக்கினால் விடை 27720 ஆகச் சுருங்கிவிடும். முதன்மை எண்ணின் பெறுமதி எனக்கு விளங்கியது இந்த இடத்தில்தான்.

படி 2: காரணிகளை எண்ணுங்கள்

360360க்குள் 2 மூன்று முறை, 3 இரண்டு முறை, 5, 7, 11, 13 ஒவ்வொரு முறை. ஒரு காரணியை ஆக்கும்போது 2ஐ எடுக்காமலும் விடலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்றும் எடுக்கலாம். ஆக நான்கு வழிகள். ‘எடுக்காமல் விடுவது’ம் ஒரு வழி என்பதை மறப்பதால்தான் பலருக்குக் கணக்குப் பிழைக்கிறது. 4×3×2×2×2×2 = 192 காரணிகள்.

படி 3: வகை பிரியுங்கள்

தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை 1212120. எண்ணை விடப் பெரிது. எனவே இது மிகையெண். இலக்கங்களின் கூட்டுத்தொகை 18. அது எண்ணை மீதியின்றி வகுக்கிறது, ஈவு 20020. இத்தகைய எண்களுக்கு ‘ஹர்ஷத்’, அதாவது மகிழ்ச்சி தருபவை, என்று பெயரிட்டவர் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர். இது நிறைவர்க்கமன்று: 5 ஒரு முறைதான் வருகிறது.

படி 4: ராமானுஜனின் சோதனை

தனக்குச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915இல் நீண்ட ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 192 காரணிகள் கொண்ட 360360 அதில் இடம்பெறும் என்றே தோன்றும். இடம்பெறாது. அதற்கு முன்னரே 332640க்கும் அதே 192 காரணிகள் உண்டு. பெரிய எண் வெறும் சமநிலைக்கு வந்தால் போதாது, மிஞ்ச வேண்டும்.

இனி நீங்களே செய்து பாருங்கள். 360360ஐ இரட்டித்தால் 720720. அதற்கு 240 காரணிகள். அது ராமானுஜனின் வகையில் சேரும்.