சங்கிலி வேண்டாம், சிகிச்சை வேண்டும்

2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். பலரைக் காலில் கிடந்த சங்கிலி ஓடவிடவில்லை. அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் சொந்தங்களே.

புத்தி சுவாதீனமற்றவர் தெளியும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. அல்லாஹ்வே கேள்வி கேட்காத ஒருவருக்கு நாம் விலங்கு பூட்டலாமா? விவரமற்றவருக்கு உணவும் உடையும் தந்து, கனிவாகப் பேசும்படி திருமறை (4:5) பணிக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் சங்கிலியை அறவே தடுக்கிறது.

துஆச் செய்வோம், மருந்தையும் நிறுத்த வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை ஜமாஅத்துகள் மஹல்லாவில் இத்தகையோரைக் கணக்கெடுத்து, மருந்துச் செலவும் துணையாளும் தரவேண்டும். வரும் ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லியிடம் இதைக் கேட்போமாக!